தெரிந்த ஆளும் தெரியாத நாணயமும்

பணத்தை எங்கே வைப்பது என்னும் கேள்வி வடமராட்சிக்குப் புதியதன்று. பருத்தித்துறையிலே நடுத்தரக் குடும்பம் ஒன்றின் தேட்டத்தைக் கணக்கெடுத்தால் அது பெரும்பாலும் நான்கு இடங்களிற் பங்கிடப்பட்டிருக்கக் காணலாம். காணி உறுதியில் ஒரு பங்கு. தாயின் கழுத்திலும் மகளின் கையிலும் ஒரு பங்கு. வங்கி வைப்பில் ஒரு பங்கு. அயலில் ஒருவர் பிடிக்கும் சீட்டில் ஒரு பங்கு. இந்த நான்கினோடு அண்மைக் காலத்தில் ஐந்தாவது இடமொன்றும் சேர்ந்திருக்கிறது. அது வீட்டுப் பிள்ளையின் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. பிட்கொயின் என்றும், வேறு பல பெயர்களாலும் வழங்கும் கிரிப்டோ நாணயங்களையே குறிப்பிடுகிறோம். நமது மத்திய வங்கி இவற்றை மெய்நிகர் நாணயம் என்று அழைக்கிறது.

'இது ஆபத்தானதா?' என்பதே பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. ஒரு பொருளை மக்கள் கையாள்வதும் கைவிடுவதும் அதிலுள்ள ஆபத்தைக் கொண்டா, அன்றி அவர்கள் கண்ணுக்குத் தோன்றும் ஆபத்தைக் கொண்டா? இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒன்றல்ல என்பதை அமெரிக்கப் பேராசிரியர் ரேமண்ட் பௌவர் 1960ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். கடைக்குச் செல்பவன் தன் மனத்திற் படும் ஆபத்துக்கே அஞ்சுகிறான். மனத்திற் படாத ஆபத்து எத்துணைப் பெரியதாயினும் அவன் கையைத் தடுப்பதில்லை. உயர்தர வகுப்பிலே பொருளியல் பயிலும் மாணவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிப்பார்களாக.

முதலிற் கடலைப் பார்ப்போம். முனையிலிருந்தும் தும்பளையிலிருந்தும் இருட்டோடு படகேறும் தொழிலாளிக்குக் கடலின் ஆபத்தை எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்துச் சென்றது; சில மாதங்களில் அதே கரையிலிருந்து மீண்டும் படகுகள் புறப்பட்டன. பக்கத்து வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக் சமுத்திரத்தையே கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்தப் பரம்பரையில் வந்தவர் ஒருவர், ஐயாயிரம் ரூபாவைக் கைத்தொலைபேசியிலுள்ள நாணயமொன்றில் இடச் சொன்னால், 'ஐயோ, வேண்டாம்' என்று பின்வாங்குவார். இது கோழைத்தனமன்று. போல் சுலோவிக் என்னும் உளநூலறிஞர் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, மனிதர் ஆபத்தை எடைபோடும்போது இரண்டு விஷயங்களைப் பெரிதாகப் பார்க்கின்றனர் என்றார்: ஒன்று, அது எவ்வளவு பயங்கரமானது, மற்றது, அது எவ்வளவு தெரியாதது. கடல் பயங்கரமானது, ஆனால் தெரிந்தது. காற்றின் நிறத்தையும் நீரோட்டத்தின் போக்கையும் பாட்டன் சொல்லிவைத்திருக்கிறான். பிட்கொயினைப் பற்றி எந்தப் பாட்டனும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

தெரியாதது என்றோம், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சட்டோஷி நகமோட்டோ என்னும் புனைபெயர் கொண்ட ஒருவரோ பலரோ 2008 அக்டோபரில் இதன் திட்டத்தை வெளியிட்டனர். 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. வங்கியின் பேரேடு வங்கியில் இருக்கும். பிட்கொயினின் பேரேடோ உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பிரதியாக இருக்கிறது. ஒருவர் தனியே திருத்த முடியாது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாகா. ஒருவருடைய பங்கைச் செலவிடுவதற்கு இரகசியத் திறவுகோல் ஒன்று உண்டு. அதனைப் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்களாக எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொற்கள் எவர் கையில் உண்டோ அவரே உரிமையாளர். நாணயத்துக்குப் பின்னால் அரசாங்கமும் இல்லை, பொன்னும் இல்லை.

'அரசாங்கம் பின்னால் இல்லாத பணமும் ஒரு பணமா?' என்று கேட்பவர்களுக்கு, இலங்கையே அத்தகைய பணத்தைப் புழங்கியதுண்டு என்பதைச் சொல்ல வேண்டும். ஓரியன்டல் பாங்கு என்னும் தனியார் வங்கி அச்சிட்ட நோட்டுகளே கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இந்நாட்டிற் கைமாறின. கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கி 1884 மே 3ஆம் நாள் கதவை மூடியது. முதல்நாள் வரை பொன்னாக மதித்த காகிதம் மறுநாள் வெறுங் காகிதமாகும் நிலை வந்தது. ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அதன் பின்னரே கலவரம் தணிந்தது. அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே நோட்டு வெளியிடலாயிற்று. அரசாங்கம் பொறுப்பேற்ற பழைய நோட்டுகளிலே எழுத்தும் படமும் மாறவில்லை. பின்னால் நின்றவர் மாறினார், மக்கள் கண்ணில் ஆபத்தும் மாறிவிட்டது.

ஆனால் அரசாங்கம் பின்னால் நிற்கும் பணத்திலும் ஆபத்து இல்லையா? இங்கேதான் நாம் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் ஒருவரிடம் ஒரு இலட்சம் ரூபா இருந்ததாக வைத்துக்கொள்வோம். அப்பொழுது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அறிவித்தது. எரிபொருள் வரிசைகளில் மக்கள் நாட்கணக்கில் நின்றதை யாரும் மறந்திரார். 2022 நவம்பரில் டொலர் ஏறத்தாழ 365 ரூபாவாக நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் 61 சதவீதம் ஏறியிருந்தது.

வங்கியிலே வைத்தவருடைய புத்தகத்தில் ஒரு இலட்சமும் அப்படியே இருந்தது, வட்டியும் சேர்ந்திருந்தது. வட்டியை நீக்கிப் பார்த்தால், அந்த இலட்சம் ஓராண்டுக்கு முன் 62,000 ரூபாவுக்கு வாங்கிய பொருளைத்தான் வாங்கியது. ரூபாவுக்கு அஞ்சி, உச்ச விலையான 69,000 டொலர் அளவில் நின்ற பிட்கொயினில் ஒதுங்கியவர் இன்னும் பரிதாபத்துக்குரியவர். அந்நாணயம் ஓராண்டில் ஏறத்தாழ 16,000 டொலருக்கு வீழ்ந்தபடியால் அவருடைய இலட்சம் 42,000 ரூபா அளவாயிற்று. பழைய விலைவாசியில் அது 26,000 ரூபாதான். அதே பணத்துக்குப் பவுண் வாங்கி வைத்திருந்தால், செய்கூலி, சேதாரம் தவிர்த்து, ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா பெறுமதி இருந்திருக்கும். விலைவாசி ஏறிய வேகத்துக்கு அது ஈடுகொடுத்தது. தாயார் சொன்னது சரியாயிற்று என்று தாய்மார் மகிழலாம். ஆனால் 2021 நவம்பருக்குப் பதிலாக வேறு மாதத்தை எடுத்தால் விடையும் வேறாகும். அதே பிட்கொயின் 2024 டிசம்பரில் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது. இடையிலே பயந்து விற்றவருக்கு அந்த ஏற்றத்தாற் பயனில்லை. ஒரு ரூபா நட்டத்தின் வேதனை ஒரு ரூபா இலாபத்தின் மகிழ்ச்சியிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமானது என்பது டேனியல் கானமன், ஏமஸ் டுவெர்ஸ்கி ஆகியோர் 1979 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளின் துணிபு. விலை விழும்போது விற்றுவிட்டு ஓடச் செய்வது இந்தக் கனமே.

இந்தக் கணக்கிலே நாம் பார்க்க வேண்டியது இலாப நட்டத்தையன்று. வங்கிப் புத்தகத்தில் நட்டம் எழுதப்படவில்லை. ஆகவே அது நட்டமாகத் தோன்றவில்லை. கைத்தொலைபேசியில் நட்டம் ஒவ்வொரு நிமிடமும் சிவப்பெழுத்தில் எழுதப்பட்டது. ஆகவே அது பூதமாகத் தோன்றிற்று. பிட்கொயினில் விலை ஏறி இறங்கும் ஆபத்தே பெரிதெனப் பலர் அஞ்சுகின்றனர். மெய்தான், அது பெரியது. ஆயினும் அது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. சாப்பாட்டுக் காசைத் தொடாமல், கைப்பணத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் வைப்பதால் அதற்கு எல்லை கட்டலாம். கண்ணுக்குத் தெரியாமல் வாசற்படியால் வருவதே வேறு.

பருத்தித்துறையில் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் அது விளங்கும். சீட்டுக்கு எழுத்து இல்லை, உத்தரவாதம் இல்லை. சீட்டுப் பிடிப்பவர் தெருவில் நாலாம் வீட்டு அக்கா, அதுவே உத்தரவாதம். ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா அனுப்பும் காசு உண்டியலில் வருகிறது. அங்கே ஒருவர் டொலரை வாங்குகிறார், இங்கே ஒருவர் ரூபாவைக் கொண்டுவந்து தருகிறார். சட்டத்தின் கண்ணில் இது குற்றம். ஊரின் கண்ணில் இது வசதி. வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி பெருகிய காலத்தில் என்ன நடந்தது என்பதை மத்திய வங்கியின் கணக்கே சொல்லும். வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய தொகை 2020இல் 710 கோடி டொலர் அளவு. 2021இல் 550 கோடி. 2022இல் 380 கோடி. உழைப்பவர்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று எவரும் நம்பவில்லை. பெரும் பகுதி வழி மாறியது. சட்டம் காக்கும் வழியை விட்டு, தெரிந்த ஆளின் வழிக்கு மாறியது.

இந்தத் 'தெரிந்த ஆள்' என்னும் வாசலால்தான் கிரிப்டோ என்ற பெயரோடு வந்த மோசடிகளும் நுழைந்தன. ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மகன் கடையில் வேலை செய்து மிச்சம் பிடித்த காசில் ஐயாயிரம் ரூபாவுக்குப் பிட்கொயின் வாங்கப் போகிறேன் என்கிறான். 'அது சூது, வேண்டாம் தம்பி' என்று தாய் தடுக்கிறாள். அடுத்த மாதம் ஒன்றுவிட்ட அண்ணன் வருகிறார். புதிய செயலி ஒன்று உண்டு, காசைப் போட்டால் நாள்தோறும் டொலரில் இலாபம், இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தால் மேலும் இலாபம் என்கிறார். தனக்குக் கிடைத்ததைக் கைத்தொலைபேசியிற் காட்டுகிறார். 'எங்கட ஆள்தானே, பொய் சொல்லுமே?' என்று அதே தாய் காப்புச் சோடியை அடைவு வைத்து இரண்டு இலட்சம் கொடுக்கிறாள். முதலாவதில் நாணயம் மெய், ஆபத்து வெளிப்படை, அங்கே அஞ்சினாள். இரண்டாவதில் நாணயமே இல்லை, செயலியின் எண்கள் மட்டுமே, அங்கே அஞ்சவில்லை. தாயின் அறிவில் குறை இல்லை. தெரியாத பொருளைக் கண்டு அஞ்சவும் தெரிந்த முகத்தைக் கண்டு நம்பவும் அவள் வாழ்க்கை முழுவதும் பழகியிருக்கிறாள். பல வேளைகளில் அந்தப் பழக்கமே குடும்பத்தைக் காத்திருக்கிறது.

அண்ணனும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவருக்கு முதலில் உண்மையாகவே காசு வந்திருக்கும்; பின்னால் வந்தவர்களின் காசு அது. ஒருவர் ஐந்து பேரைச் சேர்த்தால் ஏழாம் படியில் 78,125 பேர் வேண்டும். பருத்தித்துறைப் பட்டினத்தில் அத்தனை பேர் இல்லை. இதனாலேயே இத்தகைய பிரமிட் திட்டங்களை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் தடை செய்கிறது. மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் 'ஸ்போர்ட் செயின்', 'ஒன்மெக்ஸ் டிடி', 'எம்.டி.எப்.ஈ.' முதலிய பெயர்கள் இருந்தன. அவற்றிற் பணம் போட்டவர்கள் இலங்கையின் எல்லாப் பகுதிகளிலும் உளர்.

ஆனால் பருத்தித்துறையில் எத்தனை பேர் இழந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் சொல்லார். இதுவே இவ்விஷயத்தில் நமக்கு மிகவும் கவலை தருவது. இலாபம் கண்டவர் கலியாண வீட்டிலே பந்தியில் இருந்துகொண்டு சொல்வார். நட்டப்பட்டவர் கிணற்றடியில்கூடச் சொல்லமாட்டார். ஊர் என்ன சொல்லும், மகளின் சம்பந்தம் என்னாகும், 'இவ்வளவு படித்தும் ஏமாந்தான்' என்னும் சொல்லை எப்படித் தாங்குவது என்றெல்லாம் எண்ணி அடைவுச் சீட்டை அலமாரிக்குள் ஒளித்துவைப்பார். விளைவு என்ன? ஊரின் காதில் விழுவது இலாபம் மட்டுமே. ஊரின் கண்ணில் ஆபத்து உள்ளதிலும் சிறிதாகிறது. அவமானத்துக்கு அஞ்சும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்தின் தராசில் ஒரு படிக்கல்லைக் குறைத்துவிடுகிறது. இழந்த காசு மீளாதென்றாலும் இழந்த கதையை ஒரு தாய் தன் தங்கையிடம் சொன்னால் அந்தத் தங்கையின் காப்புச் சோடி தப்பும்.

அரசாங்கத்தின் எச்சரிக்கைகள் இவ்விடத்தில் எவ்வளவு பயன் தந்தன? மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மெய்நிகர் நாணயங்களைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது; எந்த நிறுவனத்துக்கும் அதற்கான உரிமம் வழங்கவில்லை என்று தெரிவித்தது; வெளிநாட்டுச் செலாவணி விதிகளின்படி கடனட்டை, பற்றட்டைகளால் அவற்றை வாங்கக் கூடாதென்றும் அறிவித்தது. அறிவித்தது முறையே. ஆனால் எச்சரிக்கை 'நாணயம்' என்ற சொல்லின்மேல் விழுந்தது. அண்ணனின் முகத்தின்மேல் விழவில்லை. மேலும் அட்டையின் வழி மூடியபோது, வாங்க விரும்பியவர்கள் முன்பின் அறியாத ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்பி, அவரிடமிருந்து நாணயத்தைப் பெறும் வழியை நாடினர். அனுப்பிய பின் அவர் மறைந்தாலும் முறையிட இடமில்லை. அவருடைய காசு களவுக் காசாயின் விசாரணை நம் வாசலுக்கும் வரலாம்.

வெளிநாட்டிலுள்ள நம்மவர் நிலையும் இதுவே, உருவம் மட்டும் வேறு. கனடாவில் குவாட்ரிகா என்னும் கிரிப்டோச் சந்தை நிறுவனம் இருந்தது. அதன் நிறுவுநர் 2018 டிசம்பரில் இந்தியாவில் ஜெய்ப்பூரிற் காலமானார். திறவுகோல்கள் அவரோடு போய்விட்டன என்று 2019இல் சொல்லப்பட்டது; 76,000 பேர் வரை காசுக்குக் காத்திருந்தனர். ஒன்ராறியோப் பங்குச் சந்தை ஆணையம் ஆராய்ந்து 2020இல் உண்மையை வெளியிட்டது: பெட்டகம் பூட்டியிருந்ததனாலன்று, நிறுவுநர் வாடிக்கையாளரின் பணத்தைச் சூறையாடியிருந்ததனாலேயே பெட்டகம் வெறுமையாயிற்று. குறைந்தது 16 கோடியே 90 இலட்சம் கனடிய டொலர் நட்டம். அமெரிக்க வாடிக்கையாளரும் பிறரும் நம்பிய எப்.டி.எக்ஸ். நிறுவனம் 2022 நவம்பரில் வீழ்ந்தது. இந்தியாவில் வசீர்எக்ஸ் என்னும் சந்தையிலிருந்து 2024 ஜூலையில் ஏறத்தாழ 23 கோடி டொலர் பெறுமதியான நாணயங்கள் திருடப்பட்டன. தமிழ்நாட்டு இளைஞர் பலரும் அதிற் கணக்கு வைத்திருந்தவர்கள். இந்த மூன்றிலும் பிட்கொயினின் பேரேட்டை எவரும் உடைக்கவில்லை. இடையில் நின்றவரிடமே காசு போயிற்று. பளபளக்கும் செயலியும், விளம்பரத்தில் தோன்றும் விளையாட்டு வீரர்களும் வாடிக்கையாளரின் கண்ணில் அந்த இடைத்தரகரை ஒரு வங்கியாக்கிக் காட்டின. இலங்கை வங்கி ஒன்று முறிந்தால் வைப்பாளர் ஒருவருக்கு வைப்புக் காப்புறுதி உண்டு. அதன் எல்லை 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிரிப்டோச் சந்தைக்கு அத்தகைய ஏற்பாடு இங்கில்லை.

அரசாங்கமே பின்னால் நின்று 'அஞ்சாதீர்கள்' என்று சொன்னால் மக்கள் அஞ்சாமல் எடுப்பார்களா? அதற்கும் ஒரு பரீட்சை நடந்தது. மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சல்வடோர் 2021 செப்டெம்பர் 7ஆம் நாள் பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. அரசாங்கச் செயலியை எடுத்தவர்களுக்கு 30 டொலர் இனாமாகக் கொடுத்தது. பெரும்பாலோர் இனாமைச் செலவழித்தார்கள், செயலியை மறந்தார்கள், சந்தையில் வழக்கம்போல் டொலர்த் தாளை நீட்டினார்கள். 2025இன் தொடக்கத்தில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின்படி, கடைக்காரர் அதனை ஏற்றே ஆகவேண்டும் என்ற விதியும் நீக்கப்பட்டது. அச்சத்தைச் சட்டத்தாற் போக்க முடியவில்லை. இங்கே சட்டத்தால் உண்டாக்கவும் முடியவில்லை.

தெரிந்த பொருளே பாதுகாப்பானது என்று சொல்லி முடிக்கவும் நமக்கு மனம் வரவில்லை. 1987 மே, ஜூன் மாதங்களில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது, கையிலெடுத்துக்கொண்டு ஓடக்கூடியதாய் இருந்தது நகை ஒன்றே. அந்த நினைவு இன்னும் இந்தப் பகுதியின் எலும்பில் இருக்கிறது. பவுண்மேல் உள்ள நம்பிக்கைக்கு அது ஒரு காரணம். ஆயினும் 2009இல் வன்னியில் நகையும் காக்கவில்லை. போர்க்களத்தில் இராணுவத்தினர் கண்டெடுத்த பொன் நகைகளின் ஒரு பகுதி 2025 மே மாதத்திலேதான், உரியவர்களிடம் சேர்ப்பதற்கென்று, பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. எந்த நகை எவருடையது என்று எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

எழுதிவைப்பதைப் பற்றி ஒரு சொல். கிரிப்டோ நாணயம் வாங்கியிருக்கும் பிள்ளைகள் விலையைப் பார்க்கிறார்கள். திருடரைப் பற்றிக்கூட ஓரளவு எண்ணுகிறார்கள். தங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தக் காசு என்னாகும் என்று எண்ணுவோர் குறைவு. இருபத்திரண்டு வயதில் அந்த ஆபத்து மனத்திற் படுவதில்லை. காணி உறுதி ஓட்டத்தில் தொலைந்துபோனால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலேயே பாட்டனின் பெயர் இருக்கக்கூடும். வங்கி வைப்பாயின் மரணச் சான்றிதழைக் காட்டிக் கேட்கலாம். அந்தப் பன்னிரண்டு சொற்களுக்குப் பதிவகமும் இல்லை, தோம்பும் இல்லை. அவற்றை எழுதிய தாள் எந்தக் கொப்பிக்குள் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவர், தாயோ தமக்கையோ, இன்றிரவே அறிந்திருக்க வேண்டும்.